தயிர் டப்பாவில் இருந்த வெள்ளைத் தூள்

பார்சிப்பனி, நியூ ஜெர்சி
8 ஏப்ரல் 2025

அன்புள்ள ஆஃபீஃபா மச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இத்துடன் உங்கள் மூக்குக்கண்ணாடி வருகிறது. நோன்புப் பெருநாளுக்கு வந்திருந்தபோது எங்கள் அடுப்படி அலமாரியை ஒழுங்குபடுத்தினீர்களே, அப்போது கழற்றி சேமியா பாக்கெட்டுக்குப் பின்னால் வைத்திருக்கிறீர்கள். நேற்றுதான் கிடைத்தது. வெறும் கண்ணாடியை மட்டும் அனுப்பினால் நன்றாக இருக்காது என்று உங்கள் தம்பி சொன்னார். "அப்ப நீங்களே உங்க அக்காவுக்கு ரெண்டு வரி எழுதுங்க" என்றேன். "கோவமா இருக்கறது நீ. நான் எதுக்கு எழுதணும்?" என்கிறார் ஆதில்.

போன் செய்திருக்கலாம். ஆனால் போனில் நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்குவேன், நீங்கள் முடிப்பீர்கள். காகிதத்தில் அது முடியாது. அதனால் எழுதுகிறேன்.

பெருநாள் அன்று அமீனாவும் அவள் தோழிகளும் கேட்டார்கள் என்பதற்காகத்தான் ஒரு டம்ளர் தண்ணீரில் உப்பைப் போட்டுக் கலக்கினேன். "உப்பு எங்கயும் போகல. தண்ணிய வத்தவெச்சா திரும்பக் கெடைக்கும். அதனால இது ஃபிசிக்கல் சேஞ்ச்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்கள் கையில் வட்டலப்பத் தட்டோடு வந்து, "ஆஸிபா, டெமோ லெஸன்ல இதச் சொல்லிவெக்காதே, சிரிச்சுருவாங்க" என்றீர்கள். ஹால் முழுக்கச் சிரித்தது. பெற்ற மகள் அமீனாவும் சிரித்தாள்.

நீங்கள் பல வருடமாக ஹைஸ்கூலில் கெமிஸ்ட்ரி நடத்துகிறவர். உங்களுக்கு அது ஒரு வேடிக்கைப் பேச்சு. எனக்கு நாற்பத்து மூன்று வயது. பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு இங்கே வந்து, விசாவுக்காகக் காத்திருந்து, பிள்ளை வளர்த்து, பிறகு சப்ஸ்டிடியூட் டீச்சர் ஆனேன். யார் லீவு போடுகிறார்களோ அவர்கள் வகுப்புக்குப் போகிறவள். ஒரு நாள் டிராயிங், மறுநாள் ஜிம். ஒரு பிள்ளைக்கும் என் பெயர் நினைவிருக்காது. இப்போதுதான் சர்டிஃபிகேஷன் முடித்து, மே மாதம் எட்டாம் வகுப்பு அறிவியலுக்கு டெமோ பாடம் நடத்தக் கூப்பிட்டிருக்கிறார்கள். அது நன்றாக அமைந்தால் செப்டம்பரிலிருந்து எனக்கென்று ஒரு வகுப்பு. அந்த டெமோவின் பெயரைச் சொல்லித்தான் அன்று எல்லாரையும் சிரிக்க வைத்தீர்கள்.

கண்ணாடி பத்திரமாக வந்ததா என்று மட்டும் தெரிவிக்கவும்.

ஆஸிபா


டப்ளின், கலிஃபோர்னியா
15 ஏப்ரல் 2025

ஆஸிபாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். கண்ணாடி வந்தது. ஒரு விரல் ரேகைகூட இல்லாமல் துடைத்து அனுப்பியிருக்கிறாய். கோபத்திலும் துடைக்கிறவள் நீ ஒருத்திதான்.

நான் சொன்னது தப்பான இடத்தில் விழுந்திருக்கிறது என்று உன் கடிதத்தைப் படித்தபோது புரிந்தது. ஆனால் விஷயம் தப்பில்லை. உப்பு தண்ணீரில் போனதும் சோடியம் தனி, குளோரைடு தனி என்று பிரிந்துவிடுகிறது. ஒவ்வொன்றையும் சுற்றி தண்ணீர் மூலக்கூறுகள் கூடி நிற்கின்றன. சர்க்கரை அப்படிப் பிரிவதில்லை. அதனால்தான் உப்புத் தண்ணீரில் மின்சாரம் பாயும், சர்க்கரைத் தண்ணீரில் பாயாது. இவ்வளவு நடந்த பிறகு "ஒன்றும் ஆகவில்லை" என்று எப்படிச் சொல்வது?

எங்கள் பள்ளியில் ஃபிசிக்ஸ் நடத்துகிற நஞ்சுண்டனிடம் மதியச் சாப்பாட்டில் இதைக் கேட்டேன். அவர் உன் கட்சி. "எட்டாங் கிளாஸ் பசங்களுக்கு வத்தவெச்சா திரும்ப வரும்ங்கறது போதும் மேடம்" என்றார். பலகையில் படம் வரைந்து விளக்கினேன். அவரும் வரைந்தார். பெல் அடித்துவிட்டது. இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

டெமோவுக்கு என்ன செய்யப் போகிறாய்? எதுவானாலும் வினிகர் எரிமலை மட்டும் வேண்டாம். அமெரிக்காவில் எரிமலை செய்யாத பிள்ளையே கிடையாது.

ஆஃபீஃபா


பார்சிப்பனி
24 ஏப்ரல் 2025

அன்புள்ள மச்சிக்கு,

நஞ்சுண்டன் அவர்களுக்கு என் சலாம். அவரைச் சாப்பிட விடுங்கள்.

எரிமலை இல்லை. என் திட்டம் இது. ஐந்து காகிதக் கப்பில் ஐந்து வெள்ளைத் தூள். எதிலும் பெயர் இருக்காது. உப்பு, சீனி, சோள மாவு, ஆப்ப சோடா, ஐந்தாவது இன்னும் முடிவாகவில்லை. பார்த்தால் எல்லாம் ஒன்று போல இருக்கும். நாக்கில் வைக்கக் கூடாது என்பது முதல் விதி. பிள்ளைகளிடம் மூன்று சொட்டு மருந்து மட்டும் இருக்கும்: வினிகர், அயோடின், மஞ்சள் தண்ணீர். மாவில் அயோடின் பட்டால் கருநீலமாகும். சோடாவில் வினிகர் பட்டால் பொங்கும், மஞ்சள் தண்ணீர் பட்டால் சிவக்கும். உப்பும் சீனியும் எதற்கும் அசையாது. அதைப் பிரிக்க வேறு வழி யோசிக்க வேண்டும். ஒரு பொருள் எப்படி இருக்கிறது என்பதைவிட மற்றொன்றோடு சேரும்போது எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் அதை அடையாளம் காட்டும், இதுதான் பாடம். எழுதும்போது எனக்கே பிடித்திருந்தது.

சனிக்கிழமை வீட்டில் ஒத்திகை பார்த்தோம். அமீனாதான் மாணவி. எல்லாம் சரியாக வந்தது, சோடாவைத் தவிர. வினிகருக்குப் பொங்கியது. மஞ்சள் தண்ணீர் மட்டும் சிவக்கவே இல்லை. லேசாகக் காவி தட்டியது, அவ்வளவுதான்.

"உம்மா, இட்ஸ் ஸ்டில் யெல்லோ" என்றாள்.

"இன்னும் கொஞ்சம் போடு."

"நௌ இட்ஸ் யெல்லோ வித் மட்."

மஞ்சள் பழசோ என்று புது பாக்கெட் பிரித்தேன். குழாய்த் தண்ணீரில் கோளாறோ என்று பாட்டில் தண்ணீர் ஊற்றினேன். மாறவில்லை. ஆதில் எட்டிப் பார்த்து, "ரசம் நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உங்களைக் கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் டெமோ மே இருபதாம் தேதி. அங்கே பிரின்சிபலும் சயன்ஸ் துறைத் தலைவரும் பின்னால் உட்கார்ந்திருக்க, என் சோடா மஞ்சளாகவே நின்றால் என்ன செய்வேன்? கேட்டுவிட்டேன்.

ஆஸிபா


டப்ளின்
30 ஏப்ரல் 2025

ஆஸிபாவுக்கு,

இதற்கா இவ்வளவு கவலை? சோடா செத்துவிட்டது. டப்பாவில் எவ்வளவு நாளாக இருந்ததோ, காற்றுப் பட்டு வீரியம் போயிருக்கும். அதைக் கொட்டிவிட்டுக் கடையில் புதுசு வாங்கு. விஷயம் முடிந்தது.

பாடம் நன்றாக இருக்கிறது. மிக நன்றாக இருக்கிறது என்று எழுத வந்தேன். என் வீட்டுக்காரர் இவர், பின்னால் நின்று படித்துவிட்டு, "அப்ப அப்படியே எழுதேன்" என்கிறார். எழுதிவிட்டேன்.

ஆஃபீஃபா


பார்சிப்பனி
7 மே 2025

அன்புள்ள மச்சிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே டப்பாவைக் குப்பைக்கு எடுத்துப் போனேன். மூடியைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். சோடா பழசானால் என்ன ஆகும்? கார்பன் டை ஆக்சைடு கொஞ்சம் கொஞ்சமாகப் போய், சலவை சோடாவாக மாறும். அது ஆப்ப சோடாவைவிடக் காரம் அதிகம் உள்ளது. அப்படியென்றால் மஞ்சள் இன்னும் நன்றாகச் சிவக்க வேண்டும், மச்சி. சிவக்காமல் இருக்கக் கூடாது.

இதைக் கண்டுபிடித்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை நீங்கள் மன்னிக்க வேண்டும்.

டப்பாவை உள்ளே கொண்டுவந்தேன். முதலில் மஞ்சளைச் சோதித்தேன். சோப்புத் தண்ணீரில் போட்டால் ரத்தம் மாதிரி சிவந்தது. ஆகவே மஞ்சள் மேல் குற்றமில்லை. பிறகு டப்பாத் தூளில் வினிகர் விடாமல் வெறும் தண்ணீர் விட்டேன். பொங்கியது! ஆப்ப சோடா வெறும் தண்ணீருக்குப் பொங்காது. பொங்க அமிலம் வேண்டும். அப்படியானால் அமிலமும் தூளாகி அதற்குள்ளேயே இருக்கிறது. கடைசியாக அயோடின் ஒரு சொட்டு. கருநீலம். உள்ளே மாவும் இருக்கிறது.

சோடா, காய்ந்த அமிலம், மாவு. மூன்றும் ஒரே டப்பாவில். "பேக்கிங் பவுடர்!" என்று கத்தினேன். அமிலமும் காரமும் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொண்டால் மஞ்சளுக்குச் சிவக்க என்ன மிஞ்சும்?

எங்கள் வீட்டில் ஆப்ப சோடா எப்போதும் அந்தப் பெரிய தயிர் டப்பாவில்தான் இருக்கும். பேக்கிங் பவுடர் அதன் சிவப்பு டின்னில் இருக்கும். டின்னைத் தேடினேன், காணோம். அமீனாவிடம் கேட்டேன். செல்போனிலிருந்து தலையை எடுக்காமலே சொன்னாள்: "மாமி ஆர்கனைஸ்டு தி பேன்ட்ரி, ரிமெம்பர்? ஷி ஸெட், ரெண்டுமே சோடாதானே, எதுக்கு ரெண்டு டப்பான்னு."

மச்சி. நீங்களா?

ஐந்து வாரமாக ஏன் கொண்டைக்கடலை வேகவில்லை என்று இப்போதுதான் தெரிகிறது. நானும் வழக்கம் போல அந்த டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை போட்டுத்தான் ஊறவைத்தேன். உங்கள் தம்பி தினமும் ஒன்றை எடுத்துக் கடித்து, "பல் டாக்டர் அப்பாயின்ட்மென்ட் போடவா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் அக்கா செய்த வேலை என்று சொன்னதும் மிச்சக் கடலையை மரியாதையாகச் சாப்பிட்டு முடித்தார்.

என் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பெருநாளுக்குப் பிறகு உங்களை நினைத்து நான் சிரித்தது இதுதான் முதல் தடவை. அது நன்றாக இருந்தது.

ஆஸிபா


டப்ளின்
12 மே 2025

ஆஸிபாவுக்கு,

முதல் விஷயம், நான் செய்தது வெறும் கலவை. புதுச் சேர்மம் எதையும் உண்டாக்கிவிடவில்லை. இரண்டாவது, பெயர் ஒட்டாத தயிர் டப்பாவில் ரசாயனம் வைத்திருந்தது யார்? எங்கள் லேபில் அப்படி வைத்தால் வேலையைவிட்டு அனுப்பிவிடுவார்கள். மூன்றாவது, அந்த டப்பாவில் சோடா அடியில் ஒட்டிக்கொண்டு கொஞ்சம்தான் இருந்தது. டின்னில் இருந்ததும் வெள்ளை. நான் கண்ணாடியைக் கழற்றியிருந்தேன்.

நாலாவது விஷயம் எதுவும் இல்லை.

செத்துப்போன சோடா என்று நான் எழுதியதை நஞ்சுண்டனிடம் சொல்லியிருக்க வேண்டாம். டிஃபன் பாக்ஸை மூடிவைத்துவிட்டுச் சிரித்தார். "உங்க தம்பி ஒய்ஃபுக்கு எங்க ஸ்கூல்லயே வேலை இருக்கான்னு பாக்கலாமா மேடம்?" என்றார். அவரோடு இனி பேசுவதாக இல்லை, வியாழக்கிழமை வரை.

உன் ஐந்தாவது கப் கிடைத்துவிட்டது, கவனித்தாயா? தயிர் டப்பாவையே வை. வினிகருக்குப் பொங்கி, அயோடினுக்குக் கறுத்து, மஞ்சளுக்கு மட்டும் சிவக்காமல் குழப்பும். அங்கேதான் பிள்ளைகள் உண்மையில் யோசிப்பார்கள். அதை நீயே யோசித்திருப்பாய் என்றும் தெரியும்.

இருபதாம் தேதி ஃபஜ்ர் தொழுகையிலிருந்தே உனக்காக துஆவில் இருப்பேன். பின் வரிசையைப் பார்க்காதே. பிள்ளைகளைப் பார்.

ஆஃபீஃபா


பார்சிப்பனி
22 மே 2025

அன்புள்ள மச்சிக்கு,

டெமோ முடிந்தது. எப்படி முடிந்தது என்று எனக்கே தெரியவில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஐந்தாவது கப் தயிர் டப்பாதான். நானும் அதையே நினைத்திருந்தேன். ஆனால் வகுப்பு அதுவரை போகவே இல்லை.

முதல் கால் மணி நேரம் நன்றாகப் போனது. மேசைக்கு நான்கு பேர். கப்பில் எண் மட்டும் எழுதியிருந்தேன். மாவில் அயோடின் பட்டுக் கருநீலமானதும் ஒரு பையன் நாற்காலியிலிருந்தே எழுந்துவிட்டான். ஜன்னல் பக்க மேசையில் மானஸா என்று ஒரு பெண், தெலுங்குக்காரக் குடும்பம். சத்தமே வராமல் பேசுகிறவள். கையைத் தூக்கி, "இரண்டாம் கப் வினிகருக்குப் பொங்குகிறது" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

இரண்டாம் கப் சீனி. சீனி வினிகருக்குப் பொங்காது. மற்ற எல்லா மேசையிலும் பொங்கவில்லை. "நோ வே!" என்று பின்னாலிருந்து ஒருவன் சொல்ல, வகுப்பு சிரித்தது. மானஸா கையை இறக்கிவிட்டாள். எழுதியதை ரப்பரால் அழிக்கப் போனாள்.

விடை என் வாய்க்குள் இருந்தது, மச்சி. நேரம் ஓடிக்கொண்டிருந்தது, பின்னால் இரண்டு பேர் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தார்கள், திட்டத்தில் இன்னும் பாதி மிச்சம். "அது தப்பு, அடுத்தது பார்ப்போம்" என்று சொன்னால் ஒரு நொடியில் முடிந்துவிடும். ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குத் தெரிந்த சிரிப்பு. அவள் அருகில் போய், "அழிக்காதே. நீ பொங்கியதைப் பார்த்தாயா?" என்று கேட்டேன். பார்த்தேன் என்றாள். "அப்படியானால் பொங்கியது. ஏன் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று வகுப்பு முழுவதையும் கேட்டேன்.

பிறகு நான் பேசவே வேண்டியிருக்கவில்லை. கப் மாறியிருக்கும் என்றார்கள். பக்கத்து மேசைச் சீனியைக் கொண்டுவந்து மானஸாவின் வினிகரை விட்டார்கள், பொங்கவில்லை. வினிகர் குற்றமற்றது. மானஸாவின் கப்பிலிருந்தே, ஆனால் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்து வினிகர் விட்டார்கள். அதுவும் பொங்கவில்லை. மேலாக எடுத்தால் பொங்கியது. எல்லாரும் கப்பைச் சுற்றிக் குனிந்தார்கள். திடீரென்று மானஸாவே, முன்னால் கேட்டிராத ஒரு குரலில், "வீ யூஸ்டு தி சேம் ஸ்பூன்!" என்று கத்தினாள். சோடாக் கப்பில் விட்ட கரண்டியைத் துடைக்காமல் சீனியில் விட்டிருக்கிறார்கள். "நோ வே" சொன்ன பையன்தான் பலமாகக் கைதட்டினான்.

பெல் அடித்துவிட்டது.

துறைத் தலைவர் என்னிடம் வந்து, "உங்கள் திட்டத்தில் ஐந்தாவது பொருள் இருந்தது, முடிக்கவில்லையே?" என்றார். "அவர்கள் ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் நிறுத்த மனம் வரவில்லை" என்றேன். "ம்" என்று எழுதிக்கொண்டார். அந்த "ம்" நல்லதா கெட்டதா என்று ஆதிலிடம் பல விதமாகச் சொல்லிக் காட்டிவிட்டேன். "நீ சொல்றப்ப எல்லாமே கெட்ட ம்-மாத்தான் இருக்கு" என்கிறார்.

காரில் உட்கார்ந்து யோசித்தேன். வேலை கிடைக்காவிட்டால் நிச்சயம் அழுவேன். ஆனால் அந்தப் பெண் அழிக்காமல் விட்டாளே, அதை மாற்றிச் செய்திருக்க மாட்டேன்.

ஆஸிபா


பார்சிப்பனி
5 ஜூன் 2025

அன்புள்ள மச்சிக்கு,

இன்று மதியம் பள்ளியிலிருந்து பிரின்சிபல் கூப்பிட்டார். எனக்கு வேலை கிடைத்துவிட்டது. அல்ஹம்துலில்லாஹ். செப்டம்பரிலிருந்து எட்டாம் வகுப்பு அறிவியல், முழு நேரம். அந்த "ம்" நல்ல "ம்".

உங்களுக்குப் போன் செய்யக் கையில் எடுத்தேன், வைத்துவிட்டேன். இந்த ஒரு செய்தியை முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல்வரை நானே உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. யாருக்குச் சொன்னாலும் "மாஷா அல்லாஹ், சம்பளம் என்ன?" என்பார்கள். துடைக்காத கரண்டி எனக்கு ஏன் முக்கியம் என்று உங்களுக்கு மட்டும்தான் புரியும். ஆதிலிடம்கூட, "மச்சிக்கு நான்தான் சொல்லுவேன்" என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

தபால் அலுவலகத்துக்கு நானே போகிறேன். வழியில் சிரித்துக்கொண்டே கார் ஓட்டுவேன் என்று நினைக்கிறேன்.

உங்கள் ஆஸிபா


டப்ளின்
10 ஜூன் 2025

என் அருமை ஆஸிபாவுக்கு,

உன் புருஷன் வாயில் எந்த ரகசியமும் தங்காது. நீ தபால் அலுவலகம் போய்ச் சேர்வதற்குள் என்னைக் கூப்பிட்டு, "லாத்தா, ஆஸிபாவுக்குக் கெடச்சிருச்சு! ஆனா நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க, அவதான் சொல்லணுமாம், லெட்டர் போட்டிருக்கா" என்றான்.

எனக்குப் போன் எடுத்து உன்னிடம் கத்த வேண்டும் போல இருந்தது. எடுத்தேன். உன் பெயர்மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் தெரிந்த ஒரு விடையை நான் சொல்லாமல் வைத்திருந்ததே கிடையாது, அது உனக்குத் தெரியும், என் மாணவர்களுக்கும் தெரியும். போனை வைத்துவிட்டு இவரிடம், "எனக்கு ஒண்ணும் தெரியாது. லெட்டர் வர்ற வரைக்கும் உங்களுக்கும் ஒண்ணும் தெரியாது" என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் ஊரிலிருந்து உம்மா கூப்பிட்டார்கள். "ஏம்மா, ஆஸிபா வேலை விஷயம் கேள்விப்பட்டியா?" என்றார்கள். "என்ன வேலை? அவ ஒண்ணும் சொல்லலியே" என்றேன். "உங்களுக்குள்ள இன்னும் சண்டையா?" என்று வருத்தப்பட்டார்கள். அதையும் தாங்கிக்கொண்டேன். அன்றே ஹஜ்ஜுப் பெருநாள் வாழ்த்துச் சொல்ல நீ கூப்பிட்டபோது, வேலையைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. ஆட்டுக்கறி வெந்ததா என்று கேட்டுவிட்டு வைத்தேன். பக்கத்தில் இவர் தலையணையை வாயில் வைத்துக்கொண்டிருந்தார்.

இன்று தபால்காரர் வண்டி தெருமுனையில் திரும்பியதுமே வெளியே போய் நின்றேன். அங்கேயே கவரைப் பிரித்து, முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல்வரை, ஒரு வரியையும் தாண்டாமல் படித்தேன். படித்து முடித்ததும் தெருவுக்கே கேட்கும்படி, "ஏங்க! நம்ம ஆஸிபாவுக்கு வேலை கெடச்சிருச்சு!" என்று கத்தினேன்.

இவரும், அப்போதுதான் கேள்விப்பட்டவர் போல, செருப்புக்கூடப் போடாமல் வெளியே ஓடிவந்தார்.

உன் மச்சி
ஆஃபீஃபா